பெட்ஸியின் வயிற்றுவலி

வானம் பார்த்த கரிசல் காட்டின் நடுவில், தீப்பெட்டி ஆபீஸ்களின் சங்குச் சத்தத்தைக் கேட்டே இரண்டு தலைமுறை எழுந்து படுத்த ஊசிமேடு என்கிற எங்கள் ஊரில், ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துப் பிள்ளைகள் ஒரு மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக்குள்ளிருந்து தும்மிக்கொண்டே இறங்கி வந்தார்கள். ஆள்காட்டி விரல் உயரம் இருந்தார்கள். தலையில் கிழிந்த தொப்பி, கையில் துடைப்பம், உடம்பெல்லாம் கரி. நாலாம் வகுப்பில் யாரும் அலறவில்லை. முந்தின நாள் தாங்கள் வரைந்த படத்தில் இருந்தவர்கள்தான் என்பதால், எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.

வந்த காரணம் பெரிதில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்பு ஜெயராக்கினி டீச்சர் மாவட்டத் தலைநகரில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு, அந்தக் காலத்து இங்கிலாந்தில் குழந்தைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு பாடத்தோடு திரும்பி வந்தார். நம் ஊரில் பிள்ளைகள் குச்சி அடுக்கிய கதை கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும்போது எதற்குக் கடல் தாண்டிப் போகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "பக்கத்துல இருக்கறதச் சொன்னா யாரு தோழர் கேக்கா?" என்றார். நாற்பது வருடம் தெருமுனையில் பேசியவன் நான். அது எனக்குத் தெரியாதா?

பாடம் நன்றாகத்தான் போயிருக்கிறது. "அந்தக் காலத்துல உங்க வயசுப் பிள்ளைங்க சிம்னிக்குள்ள இறங்கிக் கரியத் துடைப்பாங்க" என்று டீச்சர் சொன்னார். புகைபோக்கி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. எங்கள் ஊரில் சிம்னி என்றால் ஒன்றே ஒன்றுதான், கரண்டு போனால் ஏற்றுகிற விளக்கின் கண்ணாடி. கீழே குண்டாக, மேலே ஒடுங்கி, அலமாரியில் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். மூன்றாவது வரிசையிலிருந்து முத்துலேகா என்கிற சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், என் கையே உள்ள போவாது டீச்சர்."

"அதனாலதான் ரொம்பச் சின்னப் பிள்ளைங்களாப் பாத்துப் பிடிப்பாங்க."

"எம்புட்டுச் சின்னது டீச்சர்?"

"எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லதும்பாங்க."

ஒரு வார்த்தை பொய் கிடையாது. பிள்ளைகள் அதைக் கேட்டு, பெருமூச்சு விட்டு, விளக்குக் கண்ணாடிக்குள் விரல் உயரப் பிள்ளைகள் ஏறுவதையும் இறங்குவதையும் பக்கம் பக்கமாக வரைந்தார்கள். "விடியக்காலத்துல இருந்து அடையிற வரைக்கும் வேலை, அவங்களுக்கு ஓய்வே கிடையாது" என்கிற இடத்தில் டீச்சரின் போன் அடித்தது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற வேலைக்கு நாளை முதல் வர வேண்டும் என்று உத்தரவு. நம் நாட்டில் வாத்தியார்கள் மாட்டைக் கணக்கெடுப்பார்கள், வீட்டைக் கணக்கெடுப்பார்கள், மிச்ச நேரத்தில் பாடம் எடுப்பார்கள். டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, "நாளைக்கு ஆளுக்கொரு சிம்னி கொண்டு வாங்க" என்று, நாளைக்குத் தான் வரப்போவதில்லை என்பதையும் மறந்து, சொல்லிப் போய்விட்டார். பாடம் பாதியில் நின்றது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் சத்துணவு சமைக்கிற பவளக்கொடி கரண்டியோடு வந்து நின்றபோது, முத்துலேகா கொண்டுவந்து மேசைமேல் வைத்த விளக்கிலிருந்துதான் அவர்கள் வந்தார்கள். வந்து வரிசையாக நின்று கைகுவித்தார்கள்.

"வணக்கம். நாங்கள் ஏழைச் சிறுவர் சிறுமியர். துடைப்பதற்காக வந்துள்ளோம். சிம்னி எங்கே உள்ளது?"

பாடத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் பாடத் தமிழில்தான் பேசினார்கள்.

"சிம்னி கெடக்கட்டும். சாப்டியளா?" என்றாள் பவளக்கொடி.

"நாங்கள் எப்போதும் பசியுடன் இருப்போம்" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில், மகிழ்ச்சியாக.

"இருப்பிய, இருப்பிய. மொதல்ல கையக் கழுவுங்க."

ஒரு முட்டையை உடைத்து வைத்ததில் அத்தனை பேரும் தின்று மீதியும் இருந்தது. சத்துணவு வரலாற்றில் அப்படி ஒரு நாள் அதற்கு முன் இல்லை.

அவர்களில் ஒருத்தி பெட்ஸி. முத்துலேகா வரைந்தவள் என்பதால் அவளுக்கு ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். லேகா அவளைத் தன் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்தாள், அதனால் பெட்ஸி அன்று சாயங்காலத்துக்குள் பெட்டி ஆகிவிட்டாள். எழுதப் படிக்க ஆசை அவளுக்கு. உடைந்த பென்சில் முனைத் துணுக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பலகையில் இருந்த ஆனாவின்மேல் சுழியில் ஏறி வளைவில் இறங்கி நடந்து நடந்து எழுதினாள். அவள் உயரத்துக்கு அது ஒரு மலைப்பாதை. வெள்ளிக்கிழமை ஆவன்னாவைத் தொடங்கினாள்.

ஊர் அவர்களை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதையும் ஏற்றுக்கொள்ளும், எதற்குப் பயன்படும் என்று தெரிந்துவிட்டால். முதல் நாள் டீக்கடையில் கொஞ்சம் பேச்சு நடந்தது.

"வெள்ளைக்காரப் பிள்ளையளாம்வே."

"எங்க வெள்ள? நம்ம ஆளு மாதிரில்லா கருப்பா இருக்கு."

"கரிவே. கழுவுனாத் தெரியும்."

"கழுவிராதீரும். பிறகு இதுகளுக்கு எந்தத் தெருவுல தண்ணி குடுக்கன்னு பஞ்சாயத்து வரும்."

எனவே கழுவவில்லை. கரி இருக்கும்வரை அவர்கள் எல்லாத் தெருவுக்கும் போய்வந்தார்கள், எல்லா வீட்டிலும் தண்ணீர் குடித்தார்கள். நான் எழுதி வாங்க முடியாத சமத்துவத்தை ஒரு சிட்டிகைக் கரி வாங்கிக் கொடுத்தது. எனக்கு அதில் சந்தோஷமும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு.

இரண்டாம் நாள் டீக்கடை அடுப்பின் ஓட்டைகள் அடைத்துக்கொண்டன. "சும்மா ஒரு நிமிசம்" என்று ஒரு பையனைக் கடன் கேட்டார்கள். அவன் பர்னருக்குள் போய் ஒவ்வொரு ஓட்டையாகத் துடைத்து வந்தான், அடுப்பு சங்குப்பூ மாதிரி நீலமாக எரிந்தது. அன்றோடு தொலைந்தது. தையல் மிஷினுக்குள் பஞ்சு சுற்றியிருக்கிறது, சும்மா ஒரு நிமிசம். மிளகாய்த் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் அடைத்திருக்கிறது, சும்மா ஒரு நிமிசம். இட்லித் தட்டின் ஓட்டை, பம்பு செட்டின் வால்வு, சாமி பல்லக்கின் இடுக்கு, செல்போனில் சார்ஜர் செருகுகிற பொந்து, எல்லாவற்றுக்கும் சும்மா ஒரு நிமிசம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் காதுக்குள் ஒரு சிறுமியை இறக்கிச் சுத்தம் செய்துகொண்டார். பல வருடத்துக்குப் பிறகு வீட்டில் தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்டு, மறுநாள் பஞ்சு வைத்துக்கொண்டார்.

நான் போய்ச் சத்தம் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிறீர்களே, வெட்கமில்லையா என்றேன்.

"மாமா, சின்ன விரலுக்குத்தான் இதெல்லாம் வசப்படும்" என்றார் தையல்காரர், ரொம்ப நியாயமாக.

இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்வது தொழிற்சாலையைத்தான். ஆபீஸ் என்று சொன்னால் உள்ளே போகிற பிள்ளைக்குக் கைவலி குறையும் என்று யாரோ ஒரு புண்ணியவான் நினைத்திருக்க வேண்டும். விடியுமுன் ஆபீஸ் பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும், வரி வரியாகப் பள்ளம் வெட்டிய கட்டையில் தீக்குச்சி அடுக்க. ஏன் பெரியவர்களைக் கூப்பிடக்கூடாது என்று கேட்டால் சொல்வார்கள், சின்ன விரலுக்குத்தான் அது வசப்படும் என்று. தையல்காரரும் அந்த பஸ்ஸில் போனவர்தான். நினைவூட்டினேன். "போனோம். இப்ப என்ன செத்தா போயிட்டோம்?" என்றார். விளங்கினாற்போல்தான்.

இந்த நேரத்தில் சங்கரபாண்டி அண்ணாச்சி உள்ளே வந்தார். அந்தக் காலத்தில் ஆபீஸ் பஸ்ஸின் படியில் நின்று பிள்ளைகளின் பேரைக் கூப்பிட்டு ஏற்றியவர் அவர்தான். ஊருக்கு ஊர் ஆபீஸ் மிஷினுக்கு மாறியபின் தொழில் இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தவர், ஒரே வாரத்தில் 'விக்டோரியா சர்வீஸ், எல்லா அடைப்பும் எடுக்கப்படும்' என்று பலகை மாட்டிவிட்டார். காலையில் மொபெட்டில் வருவார், பின்சீட்டில் ஒரு டிபன் கேரியர் கட்டியிருக்கும், பேர் கூப்பிடுவார், விரல் பிள்ளைகள் வரிசையாக ஏறி அடுக்கடுக்காக உட்காருவார்கள். மதியத்துக்குக் காராச்சேவில் ஒரு துண்டு உடைத்துப் போடுவார். மொபெட் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும்போது கேரியரிலிருந்து கோரஸாகச் சத்தம் வரும்: "நாங்கள் விடியற்காலை முதல் அந்திவரை உழைக்கிறோம்! எங்களுக்கு ஓய்வு இல்லை!" பெருமையாகத்தான் சொல்வார்கள். கேட்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

பெட்ஸியின் ஆவன்னா பாதியில் நின்றது. சுழி வரைக்கும் வந்து, கீழே வளைக்கிற இடத்தில் பென்சில் துணுக்கு அப்படியே கிடந்தது. லேகா அதை யாரையும் தொட விடவில்லை. வகுப்பைப் பார்த்துக்கொள்ள வந்த பவளக்கொடி பேர் கூப்பிடும்போது, பெட்ஸி என்றதும் லேகா குரலைச் சின்னதாக்கி "உள்ளேன் டீச்சர்" என்பாள்.

"ஏட்டி, அது நீதான?"

"இல்ல சித்தி, பெட்டிதான். சின்னதா இருக்கா, ஒங்களுக்குத் தெரியல."

பவளக்கொடி அடுத்த பேருக்குப் போவாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

லேகா ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். ஊர்ப் பிள்ளைகள் என்னை நோட்டீஸ் மாமா என்பார்கள், மரியாதையாகத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

"மாமா, நீங்கதான பெரிய போராட்டக்காரரு. பெட்டியக் கூட்டிட்டு வாங்க."

என் வாழ்நாளில் என்னைத் தேடி வந்து போராட்டம் கேட்ட முதல் ஆள் அவள். சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு போனேன். நான் படித்ததெல்லாம் நோட்டீஸில்தான், ஆகவே ஒரு நோட்டீஸைத் தபால் தலை அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டேன். மிளகாய்த் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயின் ஓரமாக அவர்கள் காராச்சேவு தின்றுகொண்டிருந்தார்கள். வரப்பில் குப்புறப் படுத்து, வாயை மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேசினேன்.

"தோழர்களே! உங்கள் கோரிக்கை என்ன?"

"எங்களுக்குக் கோரிக்கை இல்லை ஐயா. நாங்கள் விடியற்காலை முதல் அந்திவரை..."

"தெரியும், தெரியும். அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய வேண்டும்!"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்ஸி ஒரு கால் குட்டை, ஒரு கால் நெட்டையாக என் மூக்குக்கு நேராக வந்து நின்றாள்.

"வேலைநிறுத்தம் பாடத்தில் வரவில்லை ஐயா. பாடம் ஓய்வில்லை என்னும் இடத்தில் நிற்கிறது. மீதி வந்தால் நாங்களும் வருவோம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "ஐயா, ஆவன்னாவுக்குக் கீழே சுழி எந்தப் பக்கம் வளையும்?"

வாயில் போன மண்ணைத் துப்பினேன். எழுந்து உட்கார்ந்தேன். லேகா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாமா! டீச்சர் பாதியில வுட்டுட்டுப் போயிட்டாங்கல்லா! மீதிய நடத்தணும்!"

பாருங்கள், இத்தனை நாள் கூட்டம் போட்டும் எனக்கு உறைக்காதது. கஷ்டப்பட்டார்கள் என்பது வரை எல்லாப் பாடமும் வரும். அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்கிற இடம் வந்தால் போன் அடித்துவிடும்.

ஜெயராக்கினி டீச்சர் வாக்காளர்களைச் சரிபார்த்து முடித்து ஊருக்குத் திரும்பிய நாள், அம்மன் கோவில் கொடைத் திருவிழா நாளாக அமைந்தது. விரல் பிள்ளைகளோ வகுப்பில் இல்லை. கொடைக்கு ரேடியோ செட் கட்டுகிற காண்ட்ராக்டை சங்கரபாண்டி அண்ணாச்சி எடுத்திருந்தார். வேப்பமரத்து உச்சியில் கட்டிய பெரிய குழாய் ஸ்பீக்கருக்குள் அவர்களை இறக்கிவிட்டிருந்தார், கொடை முடிகிறவரை உள்ளேயே இருந்து தூசி தட்டிக்கொண்டிருக்க. அதனால் அந்த வருடம் பாட்டெல்லாம் கண்ணாடி மாதிரி கேட்டது, இடையிடையே கரகரவென்று துடைக்கிற சத்தம் மட்டும்.

"மரத்துல ஏறியா பாடம் நடத்த முடியும்?" என்றார் டீச்சர்.

"எதுக்கு ஏறணும்?" என்றாள் லேகா. "அவங்க ஸ்பீக்கருக்குள்ளதான இருக்காங்க. மைக்குல நடத்துங்க டீச்சர்."

மைக்கைப் பிடுங்குவது எனக்குக் கைவந்த கலை. கோவில் முன்னால் அன்னதானத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தவரிடமிருந்து அதை வாங்கி, தொண்டையைச் சரிசெய்து, "உழைக்கும் வர்க்கத்தின் ஒப்பற்ற குழந்தைகளே, வரலாற்றின் தொடக்கத்தில் மனிதன் குகையில் வாழ்ந்தபோது..." என்று ஆரம்பித்தேன். லேகா சட்டையை இழுத்தாள்.

"மாமா, நீங்க ஆரம்பிச்சா சிம்னிக்கு வாரதுக்குள்ள எங்களுக்கே பேரன் பேத்தி வந்துரும். டீச்சர்ட்ட குடுங்க."

கொடுத்தேன். வருத்தம்தான். குகைக்குப் பிறகு நல்ல இடம் வரும்.

டீச்சர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாமி கும்பிட வந்த கூட்டம் முழுக்கக் கேட்க, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார். "பிள்ளைங்களா, இப்படி ஓய்வில்லாமல் உழைத்த குழந்தைகளைக் கண்டு இரக்கம் கொண்ட மகாராணியார், இனிக் குழந்தைகள் சிம்னிக்குள் இறங்கக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்."

மரத்து உச்சியிலிருந்து கணீரென்று பதில் வந்தது: "மகாராணியாருக்கு எங்கள் நன்றி! சட்டம் வரும்வரை காத்திருக்கிறோம்!" பிறகு மறுபடி கரகர, கரகர.

"போச்சு" என்றாள் லேகா.

"ராணி குடுக்கல டீச்சர்! கேட்டு வாங்குனது!" என்று கத்தினேன்.

"எனக்குப் பயிற்சியில அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க தோழர்."

அப்போது சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டே பவளக்கொடி வந்தாள். "டீச்சர், ஒரு நிமிசம். நம்மூர்ல பஸ் நின்ன கதையச் சொல்லலாமா?"

"அது பாடத்துல இல்லையே."

"நீங்க நிக்கிய, பிள்ளைய உக்காந்திருக்கு, இவ்வளவு பெரிய ரேடியோவுல சொல்லுதோம். இது பாடமில்லாம என்ன?"

டீச்சர் மைக்கை நீட்டினார். பவளக்கொடி அதை மிகவும் கிட்டத்தில் பிடித்ததால் ஊரே காதைப் பொத்திக்கொண்டது.

"அப்ப எனக்கு இந்த லேகா வயசு. இருட்டோட ஆபீஸ் பஸ் வரும். இந்தா நிக்காவளே சங்கரபாண்டி அண்ணாச்சி, இவுகதான் படியில நின்னு பேரு கூப்பிடுவாக. உள்ளேன் அண்ணாச்சின்னு சொல்லிட்டு ஏறணும். பள்ளிக்கூடத்துல சொல்ல வேண்டிய வார்த்தைய நாங்க பஸ்ஸுலதான் சொன்னோம். எனக்கு வயித்து வலி, குச்சி மருந்து வாடை கொடலப் பெரட்டும். சொன்னா, குச்சி அடுக்குறதுக்கு வயிறு எதுக்குட்டிம்பாக. அப்பிடியிருக்கையில ஒரு நாளு, யாரோ ஒரு மாமா வந்து சொன்னாரு, நாளைக்குப் பேரு கூப்பிட்டா ஒருத்தரும் வாயத் தொறக்காதீங்கன்னு."

யாரோ ஒரு மாமா. நான் அவளுக்குக் கைநீட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக எனக்கு விழுந்த அடிக்கு இன்றும் மழைக்காலத்தில் தோள் வலிக்கும். இருமிப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

"மறுநா அண்ணாச்சி கூப்பிட்டாக. பவளம்! நான் பேசல. தங்கபுஷ்பம்! அவ பேசல. எல்லாம் அங்கதான் நிக்கோம், கண்ணு முன்னால, ஆனா ஒருத்தியும் உள்ளேன்னு சொல்லல. சொல்லாட்டி எப்பிடி ஏத்த? பஸ் நின்னு பாத்துட்டுக் காலியாப் போச்சு. மறுநாளும் காலி. பிறகு வரவே இல்ல. அதுக்கப்புறந்தான் சட்டம் வந்துது, ஆபீசரு வந்தாரு, போட்டோ புடிச்சாரு. அம்புட்டுத்தான். எல்லாரும் சாப்ட வாங்க."

ஸ்பீக்கரில் கரகரப்பு நின்றது.

கொடையில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை. சங்கரபாண்டி அண்ணாச்சி மரத்தடிக்கு ஓடி, கைகளை வாயில் குவித்துக் கூப்பிட்டார். "ஏ ஜானு!" சத்தமில்லை. "ஏ டாமு!" சத்தமில்லை. "ஏ பெட்ஸி! பெட்டி! தாயி, காராச்சேவு தாரேன்!" வேப்பங்காய் ஒன்று அவர் தலையில் விழுந்தது. முன்னால் ஒரு தடவை இதே மாதிரி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த ஞாபகம் வந்திருக்க வேண்டும், மனிதர் மெல்லக் கீழே உட்கார்ந்து, பவளக்கொடியை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் அப்ப பதினேழு வயசுதான் தாயி" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி. எந்திரிச்சு எலையப் போடுங்க" என்றாள் அவள்.

டீச்சர் மைக்கைத் திரும்ப வாங்கிப் பாடத்தின் கடைசி வரியைச் சொன்னார். "இப்படியாக, பிள்ளைங்களா, அந்தக் குழந்தைகளும் உங்களைப் போலவே பள்ளிக்கூடம் போனாங்க."

உங்களைப் போலவே. டீச்சர் இன்னமும் தான் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பேச வேண்டியவர் என்பதை உணரவில்லை. மரத்து உச்சியில் ஸ்பீக்கர் ஒரு தடவை முனகியது, பிறகு உப்பியது, பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் உயரமும் எடையும் கொண்ட ஒரு கூட்டத்துக்கு உள்ளே இடம் போதாமல் அது நாலாகப் பிளந்தது. நீலப் பாவாடையும் காக்கி டவுசருமாகப் பிள்ளைகள் சாமியானாமேல் பொத்துப் பொத்தென்று விழுந்து, அதன் சரிவில் சறுக்கி, அன்னதானப் பந்தியின் முன்னால் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் மட்டும் குழாயின் வாய்ப்பகுதியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். அவன் பேசியதெல்லாம் நாலு தெருவுக்குக் கேட்டது. உங்களைப் போலவே என்று டீச்சர் சொல்லியிருந்தபடியால் தலையில் பேன் இருந்தது, முழங்காலில் புண் இருந்தது, வீட்டுப்பாடம் யாரும் செய்திருக்கவில்லை. பாடத் தமிழும் போய்விட்டிருந்தது. பெட்ஸி பந்தியில் லேகாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்து சொன்ன முதல் வார்த்தை, "ஏட்டி, நவுரு."

பிறகு கழுவிப் பார்த்தார்கள். கரி போகவில்லை, அதுதான் நிறம். எந்தத் தெரு என்கிற கேள்வி எழுவதற்கு முன்பே ஆளுக்கொரு வீட்டில் ஒட்டிக்கொண்டார்கள். பெட்ஸி லேகா வீட்டில். அவளுக்கு இன்றைக்கும் ஒரு செருப்பின் அடியை மட்டும் கொஞ்சம் தடிமனாகத் தைத்து வாங்க வேண்டும். டீக்கடை அடுப்பு மறுபடி மஞ்சளாக எரிகிறது, தபால்காரர் நிம்மதியாக இருக்கிறார், சங்கரபாண்டி அண்ணாச்சி தன் செல்போன் பொந்தைத் தீக்குச்சியால் குத்திக்கொண்டிருக்கிறார். சத்துணவில் முட்டை பற்றாமல் போய் நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெட்ஸி ஆவன்னாவின் சுழியைச் சரியான பக்கம் வளைத்து முடித்து, இனாவுக்குப் போய், எழுத்துகளையெல்லாம் முடித்து, வகுத்தல் கணக்கு வரை வந்துவிட்டாள்.

வகுத்தல் நடந்த அந்தத் திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்து வராந்தாவில் முட்டை மனுவோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே டீச்சர் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் உள்ளேன் சொன்னார்கள். பெட்ஸி என்றதும் சத்தமில்லை. மறுபடி கூப்பிட்டார். லேகா எழுந்தாள், முகத்தை ரொம்பச் சோகமாக வைத்துக்கொண்டு.

"டீச்சர், பெட்டிக்கு வயித்து வலி டீச்சர்."

ஜன்னலுக்கு வெளியே கொடுக்காப்புளி மரத்திலிருந்து இரண்டு கால்கள் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. வகுப்பே பார்த்தது, டீச்சரும் பார்த்தார். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"பாத்தீங்களா தோழர்? இதுக்குத்தான் அவ்வளவு பாடுபட்டோமா?"

"ஆமா" என்றேன்.

பவளக்கொடி சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். மரத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள், எங்கேயோ பார்த்த முகம் மாதிரி. பிறகு கொதிக்கிற உலை ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டாள்.

நான் எழுந்து மரத்தடிக்குப் போனேன். நாற்பது வருடமாக எத்தனையோ கோரிக்கைகளை நோட்டீஸில் அச்சடித்திருக்கிறேன், இதைப் போடத் தோன்றவே இல்லை. மேலே அண்ணாந்து கேட்டேன்.

"பெட்ஸி, வலி எப்பிடி இருக்கு?"

"தாங்க முடியல மாமா" என்றாள், வாய் நிறையக் கொடுக்காப்புளியோடு.

"எந்த எடத்துல?"

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.  பொய் சொல்லிப் பழக்கம் போதாது, பாவம். பிறகு குனிந்து முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப இன்னைக்கு முழுக்க நல்லா ஓய்வெடு தாயி" என்றேன்.